பழைய கடைத்தெரு யார் கைக்குப் போகப் போகிறது?

(சென்னை மண்ணடியில் வணிகர்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு முதலீடு. ஆலிமுக்கு முதலீட்டைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் உள்ளுக்குள் சிரிப்பது எனக்குத் தெரியும். ஃபிக்ஹுக் கிதாபுகளைத் திறந்து பாருங்கள். தொழுகைக்கும் நோன்புக்கும் அடுத்து பக்கம் பக்கமாக இருப்பது என்ன? வியாபாரம், வாடகை, கூட்டு, அடைமானம், வக்பு. நாம்தான் அந்தப் பாடங்களை மதரஸாவோடு விட்டுவிட்டோம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். துபாயிலும் சவூதியிலும் மலேசியாவிலும் வெயிலில் நின்று சம்பாதித்த பணம் எங்கே போகிறது? வண்டலூருக்கு அப்பால், செங்கல்பட்டுக்கு அப்பால், நாலு கல்லை நட்டு நகர் என்று பெயர் வைத்த மனைகளுக்குப் போகிறது. பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் அங்கே நாலு கல்தான் இருக்கும். ஆனால் இந்த மண்ணடியில், அங்கப்ப நாயக்கன் தெருவில், லிங்கிச் செட்டித் தெருவில், ஈவினிங் பஜாரில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கடைக் கட்டடங்கள் நிற்கின்றன. கீழே கடை, மேலே குடோன், அதற்கு மேலே புறா. மழை பெய்தால் ஒழுகும். உத்திரத்தில் கரையான். உரிமையாளர்கள் அண்ணன் தம்பி ஏழு பேர். ஏழு பேரும் பேசிக்கொள்வதில்லை. வாடகைக்காரர் தாத்தா காலத்து வாடகையைக் கோர்ட்டில் கட்டிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் என்ன சொல்கிறோம்? இது இடிந்து விழும் கட்டடம், இதில் யார் பணம் போடுவார் என்கிறோம்.

யார் போடுவார் என்று நான் சொல்கிறேன். நமக்கு முன்னால் இன்னொரு ஜார்ஜ் டவுனில் இது நடந்து முடிந்துவிட்டது.

பினாங்கு தரும் பாடம்

நம் ஜார்ஜ் டவுனுக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயர். மலேசியாவில் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனுக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயர். 1786ல் பிரான்சிஸ் லைட் அங்கே கொடி ஏற்றியபோதே நம் கடற்கரை ஊர்களிலிருந்து மரக்காயர்களும் மாலுமிகளும் போய் இறங்கிவிட்டார்கள். வெள்ளைக்காரன் அவர்களைச் சூலியா என்று அழைத்தான். சூலியா தெரு இன்றும் அங்கே இருக்கிறது. நாகூர் தர்காவின் பெயரில் ஒரு கட்டடமும் அந்தத் தெருவில் இருக்கிறது. 1801ல் காதர் முஹ்யித்தீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் முன்னின்று கட்டியதுதான் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். கம்பெனியார் அதற்கு 18 ஏக்கர் நிலம் கொடுத்தார்கள். பள்ளிவாசலைச் சுற்றி வீடுகள், கடைகள், மையவாடி என்று ஒரு மஹல்லாவே உருவானது. கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னால் நடந்துபோக மூடிய தாழ்வாரம் - அந்த ஊர்க் கடைவீடுகளின் அமைப்பு அது.

இந்தக் கட்டடங்களெல்லாம் எப்படி அவ்வளவு காலம் இடிபடாமல் நின்றன? யாரும் பாதுகாத்ததால் அல்ல. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் நின்றன. 1948க்கு முன் கட்டப்பட்டவற்றுக்கு வாடகை உயர்த்த முடியாது, ஆளை வெளியேற்ற முடியாது என்று 1966ல் மலேசியாவில் ஒரு சட்டம் இருந்தது. உரிமையாளருக்கு இடிக்கவும் வழியில்லை, பழுது பார்க்கவும் ஆசையில்லை. உள்ளே கொல்லரும் பூக்கட்டுபவரும் புத்தகம் தைப்பவரும் மூன்று தலைமுறையாக இருந்தார்கள். கட்டடம் நலிந்தது, தொழில் பிழைத்தது.

1997ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 2000 ஜனவரி முதல் வாடகை உரிமையாளர் இஷ்டம். சகோதரர்களே, கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்! எத்தனை குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவுக்கு வந்தன? ஊரின் நடுப்பகுதி காலியானது. காலியான கடைவீடுகளில் மனிதர்களுக்குப் பதிலாகக் குருவிகளைக் குடிவைத்தார்கள். ஆமாம், குருவி! சீனர்கள் சூப்பு வைத்துக் குடிக்கும் பறவைக்கூடு நல்ல விலைக்குப் போகும். ஜன்னலை அடைத்து, உள்ளே ஈரத்தை உண்டாக்கி, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு, வீட்டையே கூடு ஆக்கினார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ அந்த நகரத்தை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்குப் பிறகுதான், 2013 வாக்கில், அந்தக் குருவிக் கூடங்களை அங்கிருந்து அகற்றச் சொன்னார்கள்.

அறிவிப்பு வந்ததும் விலை ஏறியது. சிங்கப்பூரிலிருந்து முதலீட்டாளர்கள் வந்து ஒன்று இரண்டு அல்ல, வரிசை வரிசையாக வாங்கினார்கள். சுண்ணாம்பு பூசி, ஓடு மாற்றி, பழைய மரக்கதவைப் பளபளவென்று தேய்த்து, உள்ளே ஹோட்டலும் காப்பிக்கடையும் வைத்தார்கள். கட்டடம் அழகாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்துக்கு மதிப்பைக் கொண்டு வந்த மனிதர்களில் பெரும்பாலோர் இன்று அதில் இல்லை. பழுது பார்க்க மானியம் கொடுக்கத் திங்க் சிட்டி என்ற அமைப்பை 2009ல் மலேசிய அரசு நிறுவனமான கஸானா தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குடும்பங்கள் வெளியேறத் தொடங்கி ஒன்பது வருடம் கழித்து வந்த ஏற்பாடு.

அதே ஊரில் அச்சே தெருவைப் பாருங்கள். 1808ல் கட்டப்பட்ட பள்ளிவாசல், அதைச் சுற்றி வக்பு வீடுகள். கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் ஹாஜிகள் வந்து தங்கிய தெரு. வரிசை வரிசையாக வாங்க வந்தவனால் அந்த வக்பு வீடுகளை வாங்க முடியவில்லை. காரணம், விலை கூடுதல் என்பதல்ல. அது விற்பனைக்கே உரியதல்ல. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் கிடைத்த நிலத்தைப் பெருமானார் (ஸல்) அவர்களின் ஆலோசனைப்படி வக்பாக்கினார்களே, அதன் நிபந்தனை என்ன? விற்கக் கூடாது, அன்பளிப்பாகத் தரக் கூடாது, வாரிசுக்குப் போகக் கூடாது. அந்த ஒரு நிபந்தனை, கடல் கடந்து, நூற்றாண்டுகள் கடந்து ஒரு தெருவின் விலாசத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இங்கே என்ன நிலைமை?

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அது போய்விட்டது. 2017ல் நிறைவேற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூலம் ஒப்பந்தம் போட வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகிவிடும். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேரிடம் பதிவு செய்த ஒப்பந்தம் இருக்கிறது? கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன். உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. அதே 2019 பிப்ரவரியில்தான் மண்ணடி மெட்ரோ ரயில் நிலையமும் திறந்தது. ஒரு கையில் புதிய வாடகைச் சட்டம், மறு கையில் மெட்ரோ. இரண்டும் நமக்கு ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன.

பழைய கட்டடம் என்றால் அரசு பாதுகாக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இருக்கிறதே, 1897ல் ஸ்மித் என்ற மருந்து வணிகர் கட்டியது. 2006ல் இடிக்கத் தொடங்கினார்கள். ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் போய்த் தடுத்தார்கள். 2010ல் தீர்ப்பு வந்தது. இடிப்பதைத் தடுக்க நீதிமன்றம் இருக்கிறது. ஒழுகும் கூரையை அடைக்க நீதிமன்றம் வராது. அதற்குப் பணம் வேண்டும்.

வக்பு கடைகளுக்கு வருகிறேன். கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006ல் சச்சார் குழு கணக்கெடுத்தது. இந்தியாவில் பதிவான வக்பு சொத்துக்கள் 4.9 லட்சம். சந்தை மதிப்பு ஏறத்தாழ 1.2 லட்சம் கோடி ரூபாய். ஆண்டு வருமானம்? வெறும் 163 கோடி! பத்து சதவீத வருமானம் வந்தால் வருடத்துக்கு 12,000 கோடி வரும் என்று அந்தக் குழுவே கணக்குச் சொன்னது. இந்த வித்தியாசத்தை யார் தின்றார்? அரசாங்கம் ஆக்கிரமித்திருக்கிறது, உண்மை. மற்றவர்கள் ஆக்கிரமித்திருக்கிறார்கள், அதுவும் உண்மை. பள்ளிவாசல் கடையை அற்ப வாடகைக்கு எடுத்து, அதையே உள்வாடகைக்கு விட்டு, முன் ஸஃப்பில் நின்று தக்பீர் கட்டுகிறவர்கள் நம்மில் இல்லையா? வக்பு சொத்தை அந்தத் தெருவின் நடப்பு வாடகைக்குக் குறைத்து விடக் கூடாது என்பது ஃபிக்ஹுச் சட்டம். கட்டடமானால் ஓராண்டு, நிலமானால் மூன்றாண்டு, அதற்கு மேல் குத்தகை வேண்டாம் என்று ஹனஃபி இமாம்கள் எழுதினார்கள். ஏன்? நீண்ட நாள் கையில் இருந்தால் குத்தகைக்காரன் சொந்தக்காரன் ஆகிவிடுவான் என்ற அச்சம்தான்.

இன்னொரு சட்டம் இருக்கிறது. நிர்வாகிகள் தயவுசெய்து கவனியுங்கள். வக்பு வருமானத்தில் முதல் செலவு அதன் மராமத்து. வக்பு செய்தவர் அதை எழுதிவைக்காவிட்டாலும் அதுதான் முதல் செலவு. அதற்குப் பிறகுதான் சம்பளம், அதற்குப் பிறகுதான் உதவிகள். நம் ஊர்களில் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்ட பிறகு மிஞ்சினால் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம்.

மராமத்துக்குப் பணம் இல்லாவிட்டால் என்ன செய்வது? இஸ்தான்பூலில் அடிக்கடி தீ விபத்து நடந்து வக்பு கடைகள் எரிந்து போயின. கட்ட வழியில்லை. அப்போது உதுமானியர்கள் ஒரு முறையைக் கண்டார்கள். இஜாரதைன், இரட்டை வாடகை என்று பெயர். கட்டடத்தின் மதிப்புக்கு நெருக்கமான ஒரு தொகையை முன்பணமாக வாங்கிக் கட்டடத்தைக் கட்டினார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு சிறு வாடகை. கட்டடம் எழுந்தது. ஆனால் பணம் கொடுத்தவரின் உரிமை அவர் பிள்ளைகளுக்குப் போனது, கை மாறியது, விற்கப்பட்டது. வக்புக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. நம் பஜாரில் பகடி என்று ஒரு தொகை வாங்குகிறோமே, அது இதன் தம்பிதான்!

சிங்கப்பூரில் கத்தோங் பகுதியில் ரெட் ஹவுஸ் என்ற ரொட்டிக்கடைக் கட்டடம் வக்பு சொத்து. பாதுகாப்பில்லை என்று 2003ல் மூடினார்கள். வக்பு சொத்துக்களை மேம்படுத்த அங்கே 2001ல் வாரீஸ் என்ற நிறுவனத்தை இஸ்லாமிய மன்றம் தொடங்கியது. அது பழைய முகப்பைக் காப்பாற்றி, பின்னால் குடியிருப்புகள் கட்டி, 2016ல் மறுபடி திறந்தது. கடைகள் வக்பு கையிலேயே இருக்கின்றன. குடியிருப்புகளை 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்றார்கள். அந்த 99 எனக்கு நெருடுகிறது. ஆனால் முழுவதும் இடிந்து போக விட்டுவிட்டு நெருடலைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி?

நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் வக்பு சொத்தை விற்கவும் அடகு வைக்கவும் தடை போட்டது. வணிகத்துக்கு 30 ஆண்டு வரை குத்தகைக்கு விட வழி திறந்தது. 2025ல் வந்த திருத்தத்தை எதிர்த்து நாமெல்லாம் வீதிக்கு வந்தோம். அந்தப் போராட்டம் வேறு. இன்றைய பேச்சு வேறு. ஆனால் ஆவணங்களைப் பதிவேற்ற ஆறு மாத அவகாசம் என்றார்களே, அப்போது எத்தனை பள்ளிவாசல்களில் கடைகளின் கணக்கே இல்லை என்பது தெரிந்ததா இல்லையா?

வட்டியில்லாமல் எப்படி?

தனியார் கட்டடத்துக்கு வழி எளிது. பெருமானார் (ஸல்) காலத்து மதீனாவில் ரூமா கிணற்றின் வரலாறு உங்களுக்குத் தெரியும். ஹழ்ரத் உஸ்மான் (ரலி) முழுக் கிணற்றையும் கேட்டார்கள், உரிமையாளர் தரவில்லை. பாதியை வாங்கினார்கள். ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் இவருக்கு. பிறகு மீதிப் பாதியும் வந்தது. கூட்டாக வாங்குவது நமக்குப் புதிதல்ல.

ஒரு கணக்குச் சொல்கிறேன். இது உதாரணம்தான், இந்தத் தெருவில் இன்ன கட்டடம் என்று நினைக்காதீர்கள். கட்டடத்தின் மதிப்பு 2 கோடி. பழுது பார்க்க 50 லட்சம். உரிமையாளரிடம் அது இல்லை. வங்கிக்குப் போனால் வட்டி. 40 பேர் ஆளுக்கு ஒன்றேகால் லட்சம் போடுகிறார்கள். இப்போது உரிமையாளர் பங்கு ஐந்தில் நான்கு. நாற்பது பேரின் பங்கு ஐந்தில் ஒன்று. காலியாகக் கிடந்த மாடியும் வாடகைக்குப் போய், மாதம் ஒன்றரை லட்சம் வருகிறது என்று வையுங்கள். 30,000 ரூபாய் நாற்பது பேருக்கு, ஆளுக்கு 750. வருடத்துக்கு 7.2 சதவீதம். உரிமையாளருக்கு வசதி வரும்போது அன்றைய விலைக்கு இவர்கள் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளலாம். இதுதான் குறைந்து வரும் முஷாரகா.

இரண்டு மாதம் மாடி காலியாக இருந்தால் அந்தப் பங்கு வராது. கூரை விழுந்தால் நஷ்டம் எல்லோருக்கும். மாதம் இவ்வளவு நிச்சயம் என்று எவராவது எழுதிக் கொடுத்தால் அது வட்டி; தாடி வைத்தவர் கொடுத்தாலும் வட்டிதான். 2019ல் பெங்களூரில் ஹலால் முதலீடு என்ற பெயரில் வசூலித்த நிறுவனம் ஒன்று சரிந்தபோது, மஹர் நகையை விற்றுப் பணம் போட்ட பெண்களும் தெருவில் நின்றார்கள். ஆகவே பெயர் தெரிந்த, முகம் தெரிந்த நாற்பது பேர். கூட்டு நிறுவனத்தில் 50 பேருக்கு மேல் சட்டப்படி சேர முடியாது. நோட்டீஸ் போட்டுப் பொதுமக்களிடம் வசூலித்தால் செபி சட்டம் குறுக்கே வரும், வர வேண்டியதும்தான்.

இருக்கிற கடைக்காரரை வெளியேற்றிவிட்டுக் கூடுதல் வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டால், பினாங்கில் வெளியிலிருந்து வந்தவன் செய்ததை நாமே செய்ததாக ஆகும். பழுது பார்க்கும் மாதங்களில் கடைக்காரருக்கு மாற்று இடம், முடிந்ததும் அதே கடை, நியாயமான வாடகை, ஐந்து வருட ஒப்பந்தம் - இதை முதலிலேயே எழுத வேண்டும். கடைக்காரரும் ஒரு பங்கு போடட்டும். அப்போது ஒழுகலைப் பார்த்து அவரே முதலில் ஓடி வருவார்.

வக்பு கடைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே பங்கு கிடையாது. அல்லாஹ்வின் சொத்தில் யாருக்குப் பங்கு? மராமத்துச் செலவைக் குத்தகைக்காரர் செய்வது, வாரியத்தின் அனுமதியோடு, அதை வாடகையில் மாதாமாதம் கழித்துக்கொள்வது, கழிந்து முடிந்ததும் நடப்பு வாடகை என்று தேதி போட்டு எழுதுவது. சட்டம் 30 ஆண்டு தந்தால் 30ஐயும் எடுக்க வேண்டுமா? செலவு கழிகிற காலம் போதும்.

கட்டட வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்த வீடுகளின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்கள் மேல் செங்கலைக் குறுக்குவாட்டில் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பில் இறுக்கியது. சுவரும் சுண்ணாம்புக் காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்த காரை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதன் மேல் சிமெண்ட் பூசினால் சுவர் மூச்சுவிட முடியாது. உள்ளே ஏறிய ஓதம் வெளியே வர வழியின்றி உப்புப் பூத்து, இரண்டு மழையில் செங்கல் மாவாகும். மாதாமாதம் சுரண்டிச் சுரண்டிச் சிமெண்ட் அடிக்கிறோமே, அது மருந்தல்ல, நோய். ஷட்டர் வைக்கச் சுவரை அறுக்கும் முன்னால் எஞ்சினியரைக் கேளுங்கள். இந்தக் கட்டடங்களில் தூண் கிடையாது, சுவர்தான் மாடியைத் தாங்குகிறது.

வருகிற சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு நம் அலுவலகத்தில் இரண்டு வழக்கறிஞர்களும், பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள ஓர் எஞ்சினியரும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரும் இருப்பார்கள். உரிமையாளர்கள் மூல ஆவணம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிகள் தனித்தனியாக வந்தாலும் பரவாயில்லை. வேறு வேறு நேரம் தருகிறோம். வாடகைக்காரர்கள் கடைசியாக வாடகை கட்டிய ரசீதையும், ஒப்பந்தம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் கடைகளின் பட்டியலைக் கொண்டு வந்தால் போதும். எல்லாவற்றுக்கும் நகல்தான். மூல ஆவணத்தைக் காட்டலாமே தவிர யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், என்னிடமும் சேர்த்துத்தான்.